சினைப் பன்றிக்கு நிழலும் நல்ல தீனியும்

கடன் வாங்கிப் பன்றி வளர்க்கும் நமக்கு, குட்டி பிழைத்தால்தான் தவணை கட்ட முடியும். சினைக்காலம் சுமார் 114 நாள். கடைசி ஒன்றரை மாதத்தில்தான் குட்டி மளமளவென்று வளரும்.

பன்றிக்கு நம்மைப்போல வேர்க்காது. கத்திரி வெயிலில் தீனி குறையும். இன்சுலின், தைராய்டு ஹார்மோன்கள் நிலை மாறும். இரும்பைத் துரு அரிப்பதுபோல உடம்புச் செல்கள் கெடும். இதையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறைந்து குட்டி மெலியும். ஒரு கிலோவுக்கும் குறைவான குட்டி பிழைப்பது கஷ்டம்.

நாம் செய்ய வேண்டியவை: கீற்றுக் கொட்டகை, நாள் முழுக்கக் குடிதண்ணீர், மதியம் உடம்பில் தண்ணீர் தெளிப்பது. பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு கூடவே கூடாது. வைட்டமின் ஈ, செலினியம் சேர்ந்த தாது உப்புக் கலவை எவ்வளவு தருவது என்று விழுப்புரம் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ, திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுக் கொடுங்க.