சுகாதாரப் பாடம்: “பெரிய மருந்து” கேட்கலாமா?



பிள்ளைக்குக் காய்ச்சலும் தடிமனும். ஒருநாள் பேரை விட்டுவிட்டு, பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வைத்தியர் பார்த்துவிட்டு பனடோல் மட்டும் தருகிறார். லயத்துக்குத் திரும்பியதும் என்ன சொல்கிறோம்? “ஒரு ஊசி போட்டாங்களா? ஒரு கெப்சூலாவது குடுத்தாங்களா? இதுக்கா ஒருநாள் பேர் போச்சு!”

நம் மனக்குறை நியாயமானதுதான். ஆனால் கெப்சூல் தராதது கவனக்குறைவு என்று நினைத்துவிடக் கூடாது.

நாம் “பெரிய மருந்து” என்று சொல்வது அன்டிபயோட்டிக். இது பக்டீரியா என்ற கிருமியைக் கொல்லும். சாதாரண தடிமனோ வைரசால் வருவது. அதற்கு இந்த மருந்து எதுவும் செய்யாது.

1928இல் பென்சிலினைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் பிளெமிங். 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே அவர் எச்சரித்தார்: மருந்தைப் போதாத அளவில் எடுத்தால் கிருமி சாகாது, அதைத் தாங்கப் பழகிவிடும்.

அது எப்படி? மருந்து உள்ளே போனதும் பலவீனமான கிருமிகள் சாகும். தாங்கக்கூடியவை மிஞ்சிப் பெருகும். “உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு” என்கிறோம். பழகுவது உடம்பு அல்ல, கிருமிதான்! அந்தக் கிருமி நம்மோடு நிற்காது. கை வழியாக, கட்டில் வழியாக அடுத்தவரிடம் போகும். ஆஸ்பத்திரி வார்ட்டில் அந்த அடுத்தவர் யார்? சிசேரியன் செய்த தாய், குறைமாதக் குழந்தை, ஒப்பரேஷன் முடிந்த முதியவர். அவர்களுக்கு மருந்து கேட்காவிட்டால் உயிரே போய்விடும். 2019இல் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இப்படி இறந்தனர் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர்.

ஆகவே நல்ல வைத்தியர் அவசரப்பட்டுக் கொடுப்பதில்லை. தேவையானால் இரத்தம், சிறுநீர் எடுத்து எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதிப்பார். முடிவு வந்ததும் மருந்தை மாற்றலாம், நிறுத்தவும் செய்யலாம். ஆனால் நோயாளி ஆபத்தில் இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் உடனே தொடங்குவார்.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஊசி, கெப்சூல் வேண்டும் என்று வற்புறுத்தாதிருப்போம். “இது என்ன நோய்? எப்போது திரும்ப வரணும்?” என்று கேட்போம்.

2. சொன்ன வேளைக்கு, சொன்ன நாள் வரை குடிப்போம். சுகம் என்று நாமாக நிறுத்த வேண்டாம். காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து எடுப்பது இதனால்தான்.

3. மிஞ்சிய குளிசையைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுக்க வேண்டாம். பழைய துண்டைக் காட்டி பாமசியில் வாங்கவும் வேண்டாம்.

4. முன்பு குடித்த மருந்தின் உறையையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோவோம். ஏதாவது மருந்து ஒத்துவராவிட்டால் முதலிலேயே சொல்வோம்.

5. நோயாளியைப் பார்க்கப் போனால், தொடுமுன்னும் தொட்டபின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவோம்.

ஒன்றை மறக்க வேண்டாம். மூச்சு வாங்குதல், வலிப்பு, பால் தண்ணீர் குடிக்காமை, சோர்ந்து மயங்கிக் கிடத்தல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றாலும் காட்டவேண்டும்.

இன்று இரவு வீட்டில் பேசிப் பாருங்கள்: நம் காம்பரா அலுமாரியில் மிஞ்சிய கெப்சூல் இருக்கிறதா? அதை யாருக்காக வைத்திருக்கிறோம்?

இன்று தேவையில்லாமல் குடிக்காத மருந்து, நாளை நம் பிள்ளையின் உயிரைக் காக்கும்.