சொந்த சர்வரா, வாடகை மேகமா?

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)



"கவிதை நிறைய வந்திருச்சு, பாடம் சம்பந்தமா ஒரு கட்டுரை எழுதிக் குடும்மா" என்று மலர்க்குழுவில் கேட்டபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அச்சில் வரும்படி எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இந்த ஆண்டு இன்பிளாண்ட் டிரெயினிங் போன இடத்தில் நான் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டு மாட்டிக்கொண்டேன். அந்தக் கணக்கைச் சொன்னால் நம் பிரிவு மாணவர்களுக்காவது உபயோகப்படும் என்று இதை எழுதுகிறேன்.

மேகக் கணிமை என்றால் என்ன என்று நம்மில் பலர் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்திருக்கிறோம். அமெரிக்காவின் தேசிய தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011இல் வெளியிட்ட இலக்கணம் அது. கேட்டவுடன் தானாகக் கிடைக்க வேண்டும், வலைவழியே எங்கிருந்தும் எட்ட வேண்டும், பலருக்கும் பொதுவான இயந்திரக் கூட்டமாக இருக்க வேண்டும், வேண்டும்போது விரிந்து வேண்டாதபோது சுருங்க வேண்டும், பயன்படுத்திய அளவுக்கு மீட்டர் ஓட வேண்டும். அமேசான் 2006இல் சேமிப்பிடத்தையும் கணினிகளையும் இப்படி வாடகைக்கு விடத் தொடங்கியது.

சுருக்கமாகச் சொன்னால் வாடகை வண்டி. எனக்கு இது புரியப் புத்தகம் தேவைப்படவில்லை. எங்கள் அப்பா பதினோரு வருஷமாக வாடகை ஆட்டோதான் ஓட்டுகிறார். வண்டி எடுத்த நாளுக்கு மட்டும் வாடகை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நான் பயிற்சிக்குப் போனது ஒரு நூல் மொத்த வியாபார நிறுவனம். பெயர் வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதில் ஒரு சர்வர், ஒரு யு.பி.எஸ்., சொட்டுகிற ஏ.சி., அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. பில், ஸ்டாக், சம்பளம் எல்லாம் அந்த ஒரு பெட்டியில். வாரன்டி முடிந்துபோன சர்வர் அது. புதுசு வாங்குவதா, கிளவுடுக்குப் போவதா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் "நாங்க போயாச்சுங்க, நீங்க இன்னுமா?" என்று கேட்டுவிட்டார்களாம். "ரெண்டுக்கும் ஒரு கணக்குப் போட்டுக் குடு கண்ணு" என்று என்னிடம் சொன்னார்.

அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அண்ணன் மதியம் டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "கிளவுடுக்குப் போனா என்னைய வேண்டாம்னுருவாங்களா பாப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை. என் கணக்கில் ஒரு மனுஷனின் சம்பளமும் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் தப்பாகப் போட்ட கணக்கு

ஒரு பக்கம் புது சர்வரின் விலையை எழுதினேன். மறுபக்கம் கிளவுட் நிறுவனத்தின் விலைப்பட்டியலில் அதே அளவு இயந்திரத்துக்கு ஒரு மணி நேர வாடகை எவ்வளவு என்று பார்த்து, மாதத்துக்கு 720 மணி நேரம், ஐந்து வருஷம் என்று பெருக்கினேன். கிளவுட் ஏறக்குறைய மூன்று மடங்கு வந்தது. தொகையை இங்கே எழுத அவர்களிடம் அனுமதி வாங்கவில்லை, விகிதம் போதும். ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்தவள் மாதிரி கணக்குப்பிள்ளை ஐயாவிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏங்கண்ணு, ஆட்டோ வாங்குனா விலையோட முடிஞ்சுதா? டயர் யாரு போடுவா?"

யு.பி.எஸ். பேட்டரி சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஏ.சி. இரவு பகலாக ஓடுகிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. பில் வருகிறது. பராமரிப்பு ஒப்பந்தம், மென்பொருள் உரிமம், மாற்று ஹார்டு டிஸ்க். இதில் எதையும் நான் சேர்க்கவில்லை. வரிக் கணக்கும் அவர்தான் சொன்னார். கம்ப்யூட்டர் வாங்கினால் வருமான வரியில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானமாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். வாடகை என்றால் அந்த வருஷச் செலவிலேயே முழுசாகப் போய்விடும். கிளவுட் பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும், அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் சேர்த்ததும் மூன்று மடங்கு ஒன்றரை மடங்காக இறங்கியது.

இரண்டாவது தப்பு இன்னும் பெரிசு. அந்த அலுவலகம் ஒரு நாளைக்கு 11 மணி நேரம், மாதம் 26 நாள் நடக்கிறது. அதாவது 286 மணி நேரம். 720இல் ஐந்தில் இரண்டு பங்குதான்! மீதி நேரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டால் அதற்கு வாடகை கிடையாது. சொந்த சர்வரை நிறுத்தினால் கரண்ட் மிச்சம், போட்ட காசு மிச்சமாகாது. (நிறுத்தினாலும் டிஸ்க்குக்கு வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதையும் முதலில் நான் கவனிக்கவில்லை.) இப்படிப் போட்டபோது இரண்டும் ஏறத்தாழ சமமாக வந்து நின்றது.

ஆக, "கிளவுட் மலிவா?" என்ற கேள்விக்குப் பொதுவாக ஒரு பதில் கிடையாது. உன் வேலை ஏறி இறங்குகிற வேலையா, ஒரே சீராக ஓடுகிற வேலையா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மட்டும் லட்சக்கணக்கானோர் வந்து மோதும் தளத்துக்கு வருஷம் முழுவதும் பெரிய சர்வர் வாங்கி வைப்பது வீண். இருபத்து நாலு மணி நேரமும் ஒரே அளவில் ஓடும் வேலையை மணிக்கணக்கு வாடகைக்கு எடுப்பதும் வீண். மூன்று வருஷத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் வாடகையைக் குறைப்பார்கள், உண்மைதான். ஆனால் அப்போது வேண்டாதபோது விட்டுவிடும் சுதந்திரம் போய்விடுகிறது.

பெரிய நிறுவனங்களும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தரவுத்தளம் 2008 ஆகஸ்டில் பழுதாகி, மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அதற்குப் பிறகுதான் அமேசான் மேகத்துக்குப் போக முடிவெடுத்தார்கள். 2016 ஜனவரியில் முடிந்தது, ஏழு ஆண்டுகள்! பழைய மென்பொருளை அப்படியே தூக்கிப் போடாமல், ஏறக்குறைய எல்லாவற்றையும் திருத்தி எழுதினார்கள். எட்டு ஆண்டுகளில் படம் பார்க்கப்படும் அளவு ஆயிரம் மடங்கு கூடிய நிறுவனம் அது. அந்த வேகத்துக்கு யார் சர்வர் வாங்கி அடுக்க முடியும்? ஆனாலும் படத்தை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் பெட்டிகளை மட்டும் அவர்கள் சொந்தமாகவே வைத்திருக்கிறார்கள், அது பலருக்குத் தெரிவதில்லை.

டிராப்பாக்ஸ் நேர் எதிர்த்திசையில் நடந்தது. தொடக்கத்தில் பயனர்களின் கோப்புகளை அமேசானில் வைத்திருந்த நிறுவனம், 2015 வாக்கில் பெரும்பகுதியைத் தன் சொந்த இயந்திரங்களுக்கு மாற்றிக்கொண்டது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் செலவு குறைந்ததாகப் பங்குச் சந்தைக்கு வரும்போது கணக்குக் காட்டியது. கோப்பு சேமிப்பது ஒன்றே அதன் தொழில். சேர்ந்தது சேர்ந்தபடி கிடக்கும், ஏற்ற இறக்கம் கம்மி.

பேஸ்கேம்ப் மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ் 2022இல் மட்டும் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் கட்டியது. பிறகு சொந்த சர்வர் வாங்கி வெளியேறி, ஆண்டுச் செலவை 13 லட்சத்துக்குக் கொண்டுவந்தது. சிஸ்டம் அண்ணனுக்கு நான் காட்டியது இந்தக் கதையைத்தான். மேகத்தில் இருந்தபோது ஆள் குறையவில்லை, வெளியே வந்தபோது ஆள் கூட்டவும் இல்லை என்று அதன் உரிமையாளர்களில் ஒருவரான டேவிட் ஹைன்மயர் ஹான்சன் எழுதியிருக்கிறார். அண்ணன் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

தீப்பிடித்தால் யார் பொறுப்பு?

கிளவுடில் போட்டால் பத்திரம் என்பது ஒரு நம்பிக்கை. எங்கள் கையில் இருந்தால்தான் பத்திரம் என்பது இன்னொரு நம்பிக்கை. இரண்டுமே சுட்டிருக்கிறது.

தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரசு அமைப்புகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் அரசின் சொந்த மேகத்தில் 858 டெராபைட் தரவு அழிந்தது. வெளியில் இன்னொரு பிரதி இல்லை.

ஆஸ்திரேலியாவில் ஆறு லட்சம் உறுப்பினர்களுக்கு மேல் கொண்ட யுனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் மேகத்தை 2024 மே மாதம் கூகுள் தவறுதலாக அழித்துவிட்டது. காரணம் கேட்டால் சிரிப்பும் வரும், வயிறும் கலங்கும். அமைக்கும்போது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். மென்பொருள் தானாக "ஒரு வருஷம்" என்று எடுத்துக்கொண்டு, வருஷம் முடிந்ததும் அழித்துவிட்டது. யுனிசூப்பர் இன்னொரு நிறுவனத்திடமும் காப்புப் பிரதி வைத்திருந்தது. மீண்டு வர அது உதவியது.

பொறுப்பும் மேகத்தோடு போய்விடாது. அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி அமேசான் மேகத்தில் இருந்தது. 2019இல் அங்கிருந்து 10 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரம் திருடப்பட்டது. 2020இல் 8 கோடி டாலர் அபராதம் கட்டியது வங்கிதான். நம் நாட்டில் பணப் பரிமாற்றத் தரவு இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. நூல் கடைக்கு அது பொருந்தாது, வங்கிக்குப் போனால் முதல் கேள்வியே அதுதான்.

இதையெல்லாம் வீட்டில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சோறு பிசைந்தபடியே கேட்டவர், "வண்டிய வேண்டாம்னு திருப்பி விடறப்ப அட்வான்ஸ் குடுப்பாங்களா சாமி?" என்றார்.

அப்பா கேட்டது பெரிய கேள்வி. மேகத்துக்குள் தரவை ஏற்ற பெரும்பாலும் காசு இல்லை. வெளியே எடுக்கத்தான் காசு. 2024 ஜனவரியில் கூகுளும், மார்ச்சில் அமேசானும், முழுவதுமாக விலகிப் போகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது என்று அறிவித்தன. இருந்தாலும் அன்றாடம் எடுப்பதற்குக் கட்டணம் உண்டு. அதைவிட, அந்த நிறுவனத்திடம் மட்டுமே கிடைக்கும் வசதிகளை நம்பி மென்பொருள் எழுதிவிட்டால், வெளியே வரும்போது எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும்.

அப்பாவின் கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். "இத்தனை வருஷ வாடகையில் ரெண்டு வண்டி வாங்கியிருக்கலாமே" என்று நான் பல தடவை அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். போன வருஷம் கை முறிந்து நாற்பது நாள் வீட்டில் இருந்தார். அந்த நாற்பது நாளும் வாடகை கிடையாது. சொந்த வண்டியாக இருந்திருந்தால் பைனான்ஸ்காரர் வாசலில் நின்றிருப்பார். அந்த மாதம்தான் எனக்குத் தேர்வுக் கட்டணமும் கட்டினார்.

கடைசியாக ஒரு கணக்கு. நம் தேர்வுக்கே வரும். அந்த நிறுவனத்தில் பில்லும் ஸ்கேன் செய்த லாரி ரசீதுமாக 800 ஜிகாபைட் இருந்தது. ஒரு ஜிகாபைட் என்பது 8,000 மெகாபிட். அவர்களுடைய இணைப்பில் ஏற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட். 64 லட்சத்தை 20ஆல் வகுத்தால் 3,20,000 நொடி. ஏறக்குறைய 89 மணி நேரம், நாலு நாள். திரும்ப இறக்குவதற்கு 100 மெகாபிட் வேகத்தில் கிட்டத்தட்ட 18 மணி நேரம். திங்கள்கிழமை காலையில் சர்வர் படுத்தால் செவ்வாய்க்கிழமைதான் எழுந்திருக்கும். முதலாளிக்கு விலையைவிட இந்தக் கணக்குத்தான் உறைத்தது. "லாரி வந்து வாசல்ல நின்னா ரசீது வேணுமில்ல" என்றார்.

முடிவு இப்படி ஆயிற்று. பில்லும் ஸ்டாக்கும் புது சர்வரில், அதே மாடிப்படிக்குக் கீழே. மின்னஞ்சலும், தீபாவளிக்கு முன் மட்டும் கூட்டம் சேரும் ஆர்டர் தளமும் கிளவுடில். எல்லாவற்றுக்கும் கிளவுடில் ஒரு காப்புப் பிரதி. முதலாளி வீட்டு பீரோவில் ஒரு டிஸ்க். பத்து வருஷமாக யாரும் திறக்காத ஒரு பழைய சம்பள மென்பொருளை மூடிவிட்டார்கள், அதற்குக் கணக்கே தேவைப்படவில்லை.

சிஸ்டம் அண்ணன் அங்கேதான் இருக்கிறார். மாதத்தின் முதல் சனிக்கிழமை கிளவுட் பிரதியிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை இறக்கித் திறந்து பார்க்க வேண்டும் என்பது அவருக்குப் புது வேலை. போன மாதம் பயிற்சிச் சான்றிதழ் வாங்கப் போனபோது என்னையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டேன். 2019ஆம் ஆண்டு தீபாவளி போனஸ் பட்டியல். திறந்தது. அண்ணன் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினார்.