லேப்டாப்பை வீட்டில் வைத்துவிடலாமா?

கேள்வி: ஆவடியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறேன். லேப்டாப் பையால் தோள்வலி. டேப்லெட் போதுமா? (வாசகி, ஆவடி)

பதில்: உங்கள் வேலை எது என்பதைப் பொறுத்தது, சகோதரி. மின்னஞ்சல், பில் பார்ப்பது, சிறு எக்ஸெல் கணக்கு, வீடியோ கூட்டம் என்றால் தாராளமாகப் போதும். டேலியில் கணக்கு எழுதுபவர் என்றால் லேப்டாப்பை விடாதீர்கள். டேலி விண்டோஸுக்கான மென்பொருள், ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் நிறுவ முடியாது.

எடையில்தான் பெரிய நிம்மதி. சாதாரண லேப்டாப் சார்ஜரோடு இரண்டு கிலோவை நெருங்கும். 10 அங்குல டேப்லெட் சுமார் அரைக் கிலோ. காலை நெரிசலில் நின்றபடி படிக்க 8 அங்குலமே வசதி, ஒரு கையில் அடங்கும். ஆனால் அதில் நீளமாகத் தட்டச்சு செய்வது சிரமம். ப்ளூடூத் விசைப்பலகை ஒன்று வாங்கி, தமிழில் எழுத தமிழ்99 தட்டச்சு முறையைப் பழகுங்கள். சிம் போடும் வசதி அவசியமில்லை, செல்போன் ஹாட்ஸ்பாட் போதும்.

ரயிலில் பொழுதுபோக்குக்குப் படம் மட்டும்தானா? 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் படிப்பு நிற்காது.