குரோமேட் பூச்சு: டிராயிங்கில் எழுத வேண்டியவை

அலுமினியத்தின் மேல் தானாகவே படியும் ஆக்சைடு படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அனோடைசிங் செய்தால் அது இன்னும் தடிக்கும். எர்த் எடுக்க வேண்டிய சேசிஸ், ரேடியோ அலை கசியக்கூடாத பெட்டி ஆகியவற்றுக்குக் மின்சாரம் பாய விடும் குரோமேட் பூச்சைத் தேடுவது அதனால்தான்.

பல்லாவரம், திருமுடிவாக்கம் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து ஜாப் ஒர்க்குக்குப் போகும் டிராயிங்கில் 'எல்லோ குரோமேட்' என்று மட்டும் எழுதினால் போதாது. எம்ஐஎல்-டிடிஎல்-5541 என்ற அமெரிக்க ராணுவத் தரம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. கிளாஸ் 1ஏ அரிப்பைத் தடுக்க. கிளாஸ் 3 மின்தடையைக் குறைவாக வைக்க. கிளாஸ் 3 படலம் மெல்லியது, நிறமும் வெளிர். பளிச்சென்ற மஞ்சளே நல்ல பூச்சு என்று நம்பி, தொட்டியில் கூடுதல் நேரம் ஊறவிட்டால் மின்தடை ஏறும். துணியால் துடைத்தால் மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வந்த பார்ட்டைத் திருப்பி அனுப்பிவிடுவதே நல்லது.

மின்தடையை அளக்கும்போது மல்டிமீட்டரின் கூர்முனை படலத்தைக் கீறி உலோகத்தையே தொட்டுவிடும், அந்த அளவை நம்பக்கூடாது. கிளாஸ் 3 சோதனையில் தட்டையான முனைகளைச் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு அழுத்தத்தில் வைப்பார்கள். பூசியதும் 5,000 மைக்ரோஓமும், 168 மணி நேர உப்புத்தூவலுக்குப் பின் 10,000 மைக்ரோஓமும்தான் வரம்பு.

வார்ப்புப் பார்ட்டுகளில் சிலிக்கான் அதிகம். காஸ்டிக்கில் முக்கியதும் கரி பூசினாற்போல் கறுத்துவிடும்; ஃபுளோரைடு கலந்த அமிலத்தில் அதை எடுக்காமல் பூசினால் படலம் சரியாகப் பிடிக்காது. ஆறு இணைதிறன் குரோமியப் பூச்சை 60 டிகிரிக்கு மேல் உலர்த்தவும் கூடாது, வெடித்துத் தடுப்பாற்றல் போய்விடும்.

எல்லாக் குரோமியமும் ஒன்றல்ல. பம்மல், நாகல்கேணி தோல் ஆலைகள் பதனிடுவது மூன்று இணைதிறன் குரோமியத்தில். பழைய மஞ்சள் பூச்சுத் தொட்டியில் இருப்பதோ புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் வகை. கழுவிய தண்ணீரை அமிலமாக்கி, மெட்டாபைசல்ஃபைட் போட்டு மூன்று இணைதிறன் வகையாக மாற்றி, சுண்ணாம்பில் வீழ்படிவாக்க வேண்டும். இதைச் செய்யாத கடை எவ்வளவு மலிவாகக் கேட்டாலும் வேண்டாம்.

ஐரோப்பாவுக்குப் போகும் மின்னணுச் சாதனங்களில் 2006 ஜூலை முதல் ஆறு இணைதிறன் குரோமியத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அவற்றுக்கு அதே ராணுவத் தரத்தின் டைப் 2, அதாவது ஆறு இணைதிறன் குரோமியம் இல்லாத பூச்சு. இதில் சில கிட்டத்தட்ட நிறமே இல்லாதவை. பூசியதா என்று கண்ணால் சொல்வது கடினம். ஆகவே டைப், கிளாஸ் இரண்டையும் டிராயிங்கில் எழுதி, ஒவ்வொரு லாட்டுக்கும் சோதனைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.