வெள்ளம் கற்றுத் தந்த பாடங்களை வீடியோவில் பதிந்து வையுங்கள்

வெள்ளம் வந்து போன ஊரில் இரண்டு வகை நஷ்டம் உண்டு. பயிர், கால்நடை, வீடு, கரை ஆகியவற்றின் சேதம் முதல் வகை. இது கண்ணுக்குத் தெரியும், கணக்கும் எடுக்கப்படும். அந்த வெள்ளத்திலிருந்து மீண்டு வர ஊரார் கையாண்ட வழிகள் மறந்து போவது இரண்டாவது வகை. இதற்கு எந்தக் கணக்கும் இல்லை. ஆனால் அடுத்த வெள்ளத்தின்போது முதல் நஷ்டத்தை இரட்டிப்பாக்குவது இதுதான்.

தாமிரபரணிப் பாசனப் பகுதி இதற்கு நல்ல உதாரணம். அங்கே 1992 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. அடுத்த பெருவெள்ளம் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையே 70 செ.மீ.யை எட்டாது. ஓராண்டு மழை ஒரே நாளில் பெய்தால் எந்தக் குளம் தாங்கும்? குளங்கள் உடைந்தன, நெல்லும் வாழையும் மூழ்கின, வயல்களில் மணல் மேடிட்டது.

இரண்டு வெள்ளத்துக்கும் இடையே 31 ஆண்டுகள். 1992இல் 40 வயதில் முன்னின்று உடைப்பை அடைத்தவருக்கு 2023இல் 71 வயது. அவர் அன்று செய்ததைப் பக்கத்து வீட்டு இளைஞர் பார்த்ததில்லை; கேட்டதும் அரைகுறை. 2023இல் மீண்டவர்களின் அனுபவமும் இப்படியே போய்விடக் கூடாது. இன்று அநேகமாக எல்லா வீட்டிலும் வீடியோ எடுக்கும் செல்போன் இருக்கிறது. அதைக் கொண்டு இந்த அனுபவத்தைப் பாடமாக்கி வைக்க முடியும்.

பார்த்தால் புரியும் விஷயங்கள்

"மணல் மூட்டை அடுக்கி உடைப்பை அடைத்தோம்" என்று எழுதி வைத்தால் ஒரு வரிதான். எந்தப் பக்கமிருந்து அடுக்கத் தொடங்கினார்கள், கம்பை எவ்வளவு ஆழம் அறைந்தார்கள், மூட்டையின் வாயை எந்தத் திசையில் வைத்தார்கள் என்பதையெல்லாம் கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். மூழ்கி எழுந்த பயிரின் இலை நிறமும், அழுகிய வேரின் தோற்றமும் அப்படியே.

படக்காட்சி மூலம் விவசாயம் கற்பிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் நிகழ்ச்சிகள் காட்டப்பட்டன. அவற்றில் விவசாயமும் இடம் பெற்றது. வங்காள தேசத்தில் நெல் விதையைப் பாதுகாப்பது பற்றிக் கிராமத்துப் பெண்களையே பேசவைத்து எடுத்த வீடியோ படங்கள் பின்னர் ஆப்பிரிக்க மொழிகளிலும் பெயர்க்கப்பட்டுக் காட்டப்பட்டன. தெலங்கானாவில் ஜகீராபாத் பகுதியின் ஏழைப் பெண் விவசாயிகள் தாங்களே காமிராவைக் கையாளக் கற்று, தங்கள் பயிர் முறைகளைப் படமாக்கியிருக்கிறார்கள். அதிகாரி சொல்வதைவிடத் தன்னைப் போன்ற ஒரு விவசாயி செய்து காட்டுவதை மற்ற விவசாயி எளிதில் நம்புகிறார். இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் பொதுவான பாடம் அதுவே.

எவற்றைப் படம் பிடிப்பது?

ஒரு படத்தில் ஒரு பாடம் மட்டும் இருக்கட்டும். 5 முதல் 8 நிமிஷம் போதும். கீழ்க்கண்ட தலைப்புகள் எந்த ஊருக்கும் பொருந்தும்.

1. நீர் வந்த வழி: எந்தக் கரை முதலில் கசிந்தது, மறுகால் எப்போது பாய்ந்தது, எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது என்பதை இடத்திலேயே நின்று காட்ட வேண்டும். சுவரில் வெள்ளம் நின்ற அடையாளத்தில் பெயிண்டால் கோடு போட்டு, தேதி எழுதிப் படம் எடுங்கள். தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள். கடைசி இரண்டான மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளின் கால்வாய்களில் குளங்கள் சங்கிலி போலத் தொடர்கின்றன. மேல் குளம் உடைந்தால் அந்தத் தண்ணீரும் கீழ்க் குளத்தின் தலையில் விழும். ஆகவே ஓர் ஊரின் படத்தைவிட, ஒரே கால்வாயைச் சேர்ந்த பல ஊர்களின் படங்கள் சேர்ந்தால்தான் முழு உண்மை விளங்கும்.

2. மூழ்கிய நெல்: நீர் வடிந்ததும் செய்ய வேண்டியது பலருக்குத் தெரியும்; அளவில்தான் தவறுகிறார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு இது: ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவுடன் 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து மேலுரமாக இட வேண்டும். துத்தநாகப் பற்றாக்குறை தெரிந்தால் ஏக்கருக்கு 1 கிலோ சிங்க் சல்பேட், 2 கிலோ யூரியா இரண்டையும் 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். எடை போடுவது, கலப்பது, மூடி வைப்பது, தூவுவது என ஒவ்வொன்றையும் காட்டுங்கள். உரமிட்ட வயலையும் இடாத வயலையும் அடுத்தடுத்துக் காட்டினால் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

3. மணல் மூடிய வயல்: நாலைந்து இடங்களில் குழி தோண்டி, மணல் எத்தனை அங்குலம் என்று ஸ்கேல் வைத்துக் காட்டுங்கள். மணல் குறைவாக இருந்தால் ஆழ உழுது அடிமண்ணோடு கலக்கலாம். அதிகமானால் வழித்து அகற்றத்தான் வேண்டும். எந்த அளவு வரை உழுதே சமாளித்தார்கள், அகற்ற எத்தனை மணி நேரம் இயந்திரம் ஓடிற்று, ஏக்கருக்கு என்ன செலவாயிற்று என்று விவசாயி தம் வாயால் சொல்லட்டும்.

4. வாழை: நின்ற நீரை எத்தனை நாளில் வடித்தார்கள் என்பதே முக்கியம். சாய்ந்த மரத்தை வெட்டிவிட்டுப் பக்கக் கன்று ஒன்றை வளர்த்தவர் எத்தனை மாதத்தில் குலை கண்டார், புதுக் கன்று நட்டவர் எத்தனை மாதத்தில் கண்டார் என்ற ஒப்பீடு அடுத்தவருக்குப் பெரிதும் உதவும்.

5. கால்நடை: எந்த மேட்டில் கட்டினார்கள், தீவனத்துக்கு என்ன செய்தார்கள், நனைந்த வைக்கோலில் பூசணம் பிடித்ததை எப்படி ஒதுக்கினார்கள், தொண்டை அடைப்பான் தடுப்பூசி எப்போது போட்டார்கள் என்பவை.

6. ஊர் உதவி: 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கினர். அருகிலுள்ள புதுக்குடி மக்கள் தங்கள் ஊரே வெள்ளத்தில் இருந்த நிலையில் சமைத்துப் போட்டார்கள். அரிசி எங்கிருந்து, அடுப்பு எங்கே, விறகு நனையாமல் எப்படி இருந்தது, யார் பொறுப்பு எடுத்துக்கொண்டார்கள்? இவை ஒவ்வொரு ஊரும் தெரிந்துகொள்ள வேண்டிய நிர்வாகப் பாடங்கள்.

யாரைப் பேசவைப்பது?

ஊர்ப் பெரியவர்களை மட்டும் பேசவைத்தால் பாதிப் பாடம்தான் கிடைக்கும். மடையின் போக்கு நீர்பாய்ச்சிக்குத் தெரியும். எந்த வயலில் கால் புதைந்தது என்பது நடவாளுக்குத் தெரியும். விதை நெல்லைப் பரணில் ஏற்றிக் காப்பாற்றியது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். குத்தகைக்கு உழுதவர், நிவாரணப் பட்டியலில் பெயர் சேர எந்தத் தாளைக் காட்ட நேர்ந்தது என்பதும் ஒரு பாடமே. கூலி வேலை நின்றுபோன வாரங்களில் அந்தக் குடும்பங்கள் எப்படி அடுப்பு மூட்டின என்பதைக் கேட்காமல், ஊர் மீண்டது என்று சொல்ல முடியாது.

எல்லாரிடமும் ஆறு கேள்விகள் கேளுங்கள். முதலில் என்ன கண்டீர்கள்? என்ன செய்தீர்கள்? எப்போது செய்தீர்கள்? என்ன செலவாயிற்று? எது பலிக்கவில்லை? மறுபடி வந்தால் என்ன மாற்றிச் செய்வீர்கள்? ஐந்தாவது கேள்விக்கு வரும் பதிலை வெட்டிவிடாதீர்கள். பலிக்காமற்போன முயற்சியைக் காட்டாத படம் அடுத்தவரை அதே குழியில் தள்ளும்.

எடுக்கும் முறை

செல்போனைப் படுக்கை வாட்டத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு காட்சியிலும் கை அசையாமல் 10 விநாடியாவது நில்லுங்கள். பேசுகிறவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றால்தான் குரல் தெளிவாக விழும். காற்று பலமாக அடித்தால் வரப்பில் எடுப்பதைவிட மரத்தடிக்கோ சுவர் ஓரத்துக்கோ போய்விடுவது நல்லது. காலை வெயில் படத்துக்கு ஏற்றது. படத்தின் தொடக்கத்தில் ஊர், குளம், பயிர், ரகம், நட்டது எப்போது, நீர் நின்ற நாட்கள் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இவை இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு அது வெறும் காட்சியாகவே இருக்கும்.

இழப்பீட்டுக்கு எடுக்கும் படம் வேறு. பாடத்துக்கு எடுக்கும் படம் வேறு. முன்னதற்குச் சேதம் தெரிந்தால் போதும். பின்னதற்கு, சேதத்துக்குப் பிறகு நடந்தது தெரிய வேண்டும். ஆகவே ஒரே வயலை மூன்று முறை எடுக்க வேண்டும்: நீர் வடிந்த வாரத்தில் ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, அறுவடையின்போது ஒன்று. மூட்டைக் கணக்கு தெரியாமல், செய்த வைத்தியம் பலித்ததா என்று தீர்ப்புச் சொல்ல இயலாது.

குட்டநாடு காட்டுவது

கேரளத்தின் குட்டநாட்டில் நெல் வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே உள்ளன. 2018இல் ஜூலையிலும் ஆகஸ்டிலும் வந்த வெள்ளத்தில் அங்கே வரப்புக் கரைகள் உடைந்து வயல்களும் வீடுகளும் வாரக் கணக்கில் நீரில் கிடந்தன. "பாடசேகரம்" எனப்படும் வயல் தொகுதி முழுவதற்கும் ஒரே கரை. தனி ஒருவர் தம் வயலை மட்டும் இறைத்துக் காயவைக்க முடியாது. எல்லாரும் சேர்ந்து கரையை அடைத்து, பம்பு வைத்து நீரை வெளியே தள்ளித்தான் சாகுபடி செய்தார்கள். வெள்ளம் விட்டுச் சென்ற வண்டலின் பலனாக 2018-19 புஞ்சைப் பருவத்தில் நல்ல விளைச்சலும் கண்டது.

இதில் இரண்டு பாடங்கள். ஒன்று, சேர்ந்து இறைத்தால் மீளலாம் என்பது. இது எந்த ஊருக்கும் பொருந்தும். மற்றொன்று, வெள்ளத்துக்குப் பின் விளைச்சல் கூடும் என்பது; இது எல்லா ஊருக்கும் பொருந்தாது. குட்டநாட்டில் படிந்தது வண்டல். தாமிரபரணிக் கரையில் பல வயல்களில் விழுந்தது மணல். ஆகவே எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எந்த ரகத்தில் செய்தது என்பதைச் சொல்லாமல் ஓர் ஊர்ப் படத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோவது ஆபத்து. வெள்ளம் தாங்கும் ஸ்வர்ணா சப்-1, சி.ஆர்.1009 சப்-1 போன்ற ரகங்கள் சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும் மீளக் கூடியவை. அவையும் வயதில் நீண்டவை. எல்லாப் பருவத்துக்கும் ஏற்றவை அல்ல. படத்தில் மருந்து, உர அளவு வந்தால் ஊரில் காட்டுமுன் வேளாண் அலுவலரிடமோ, அருகிலுள்ள வேளாண் கல்லூரியிலோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிப் பகுதிக்குக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

தவிர்க்க வேண்டியவை

வெள்ளம் ஓடும்போது கரைமீது ஏறிப் படம் எடுக்காதீர்கள். உயிரைவிடப் படம் பெரிதல்ல. நிவாரண வரிசையில் நிற்பவரையும், உறவை இழந்து அழுபவரையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் எடுப்பது முறையன்று. மேலூர்க்காரர் கரையை வெட்டினார், கீழூர்க்காரர் மடையை அடைத்தார் என்ற சண்டை எல்லாப் பாசனத்திலும் உண்டு. படத்தில் ஆள் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் அது பாடமாக நிற்காது, வழக்காகிவிடும். எந்த மடை, எந்த நேரம், எவ்வளவு நீர் என்று மட்டும் பதியுங்கள். பேச்சு வார்த்தைக்கு அதுவே ஆதாரமாகும்.

பாதுகாப்பதும் காட்டுவதும்

செல்போன் கெட்டால் படமும் போகும். எனவே ஒரு பிரதியைப் பென் டிரைவில் பஞ்சாயத்து அலுவலகத்திலும், ஒன்றைக் கூட்டுறவு சங்கத்திலும், ஒன்றைப் பள்ளியிலும் வையுங்கள். மூன்றும் ஒரே தாழ்ந்த தெருவில் இருக்க வேண்டாம். எந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய பென் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்.

வைத்திருந்தால் மட்டும் பயனில்லை. போட்டுக் காட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் ஒரு நாள் மாலை ஊர்ப் பொது இடத்தில் காட்டலாம். ஒவ்வொரு படம் முடிந்ததும் நிறுத்தி, "நம்மிடம் இந்த ஆண்டு சாக்கு இருக்கிறதா? கம்பு யாரிடம்? பம்பு ஓடுகிறதா? மறுகாலில் முள் வெட்டியாயிற்றா?" என்று கேட்டு, பொறுப்பாளர் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்காமல் படத்தை மட்டும் ஓட்டினால் அது சினிமாவாகவே முடியும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஊருக்கு இரண்டு இளைஞர், இரண்டு பெண்கள், ஒரு நோட்டு, ஒரு செல்போன் போதும். 1992ஐக் கண்ட பெரியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். முதல் படத்தை அவர்களிடமிருந்து தொடங்குவது நல்லது. அடுத்த மழைக்குள் அதை முடித்துவிட வேண்டும்.