நடத்தைப் பதிவுகளை விரிதாளில் வரைபடமாக்கும் முறை

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம், 1990-இல் தோற்றுவிக்கப்பெற்ற டெக்னோபார்க்கினால் மென்பொருள் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அதற்கு அணித்தான ஆக்குளத்தில், செவிக்குறையும் பேச்சுக்குறையும் உடைய குழந்தைகளுக்கான தேசியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் உள்ளது. மென்பொருளும் குழந்தைப் பயிற்சியும் கூடும் எளிய பணி ஒன்று உண்டு. குழந்தையின் நடத்தையை நாள்தோறும் எண்ணிப் பதிந்து, வரைபடமாக்குதலே அது. 1998-இல் கார், பர்க்கோல்டர் என்னும் இருவர் எக்செல் விரிதாளைக் கொண்டு இவ்வரைபடங்களை அமைக்கும் முறையை அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டனர். கேரளப் பள்ளிகளில் பயிற்றப்பெறும் கட்டற்ற மென்பொருளாகிய லிபர்ஆபிஸ் கால்க்கும் இதற்குப் போதுமானது.

வகுப்பில் ஒரு குழந்தை அடிக்கடி இருக்கையை விட்டு எழுவதாகக் கொள்வோம். முதற் பத்தியில் நாளின் எண்ணையும், இரண்டாம் பத்தியில் பயிற்சிக்கு முந்தைய நாட்களின் எண்ணிக்கையையும், மூன்றாம் பத்தியில் பயிற்சி நாட்களின் எண்ணிக்கையையும் இடுக. இரண்டாம் பத்தி முடிந்த வரிசைக்கு அடுத்த வரிசையில் மூன்றாம் பத்தி தொடங்குதல் வேண்டும். பின்னர்க் கோட்டு வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால், இரு காலங்களின் கோடுகளும் ஒன்றோடொன்று சேராமல் தனித்து நிற்கும். அவற்றின் இடையே செங்குத்துக் கோடு ஒன்று வரைக.

குழந்தை வராத நாளுக்குச் சுழியம் இடலாகாது. சுழியம், கண்காணித்தும் அந்நடத்தை நிகழவில்லை என்று பொருள்படும். அக்கட்டத்தை வெறுமையாக விட்டு, விடுபட்ட மதிப்புக்கு இடைவெளி விடுமாறு அமைக்க வேண்டும்.

சராசரியை மட்டும் நம்புதல் பெரும்பிழைக்கு இடமாகும். பயிற்சிக்கு முன் ஐந்து நாட்களில் 10, 9, 8, 7, 6 என்றும், பின் ஐந்து நாட்களில் 5, 4, 3, 2, 1 என்றும் பதிவாயின எனக் கொள்க. சராசரி 8-இலிருந்து 3-ஆகக் குறைந்தது கண்டு, பயிற்சி வென்றது என மகிழத் தோன்றும். வரைபடமோ, பயிற்சிக்கு முன்னரே நடத்தை குறையத் தொடங்கி, அதே அளவில் இறங்கி வந்ததைக் காட்டிவிடும். இம்மாற்றத்தைப் பயிற்சியின் பயனெனக் கூற இப்பதிவு இடந்தராது.

ஆதலின், முந்தைய காலத்துக் கோடு ஏற்ற இறக்கமின்றி ஓரளவு நிலைபெற்ற பின்னரே பயிற்சியைத் தொடங்குதல் நன்று. குழந்தைகளை ஒப்பிடுங்கால் நிலை அச்சின் அளவு எல்லாப் படங்களிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். இவற்றைப் பேணாவிடின், பலனற்ற பயிற்சியில் குழந்தையின் மாதங்கள் வீணாகும். பலன் தரும் பயிற்சி இடையில் கைவிடப்படவும் கூடும்.