கதிர்வீச்சுக்கு எந்த ஊருக்குப் போவது?

அப்பாவுக்குக் கரண்ட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று மாலையே உறவுக்காரர்களின் போன் வர ஆரம்பித்துவிடும். “உள்ளூர்ல வேண்டாம் மாப்ளே, சென்னைக்குக் கூட்டிட்டுப் போ. அங்கதான் புது மெஷின்.” மறுத்தால் ‘பெத்தவருக்குக் கணக்குப் பாக்கிறான்’ என்ற பேச்சு. இந்தப் பயத்திலேயே ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திண்டாடும் குடும்பங்களை, கதிர்வீச்சுப் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கும் நான் ஓயாமல் பார்க்கிறேன்.

அரசா, தனியாரா, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டா என்பதை நோயும் கைக்காசும் தீர்மானிக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கதிர்வீச்சுக்கும் செல்லும். நான் மன்றாடித் தடுக்க நினைப்பது, பக்கத்திலேயே நல்ல வசதி இருக்க, தூரத்து ஊரில் லாட்ஜ் எடுத்துத் தங்குவதைத்தான்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் 33 முதல் 35 தடவை. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போனால் ஏழு வாரம். மெஷினடியில் கால் மணி நேரம்தான், வலி தெரியாது. முதல் இரண்டு வாரம் ‘இவ்வளவுதானா’ என்றிருக்கும். மூன்றாவது வாரத்தில் வாய் புண்ணாகும், ருசி போகும், எச்சில் வற்றும், ஆறின கஞ்சியும் எரியும். கூட வந்த மகனுக்கு லீவு முடிவதும் அப்போதுதான். லாட்ஜில் கஞ்சி வைக்க அடுப்பு கிடையாது. எடை இறங்கும், முகம் அசையாமலிருக்கப் போடும் முகமூடி தொளதொளத்துப் போனால் மறுபடி ஸ்கேன், மறுபடி முகமூடி. “ஒரு வாரம் ஊர்ல தேறிட்டு வர்றோம்” என்று கிளம்புவார்கள். அந்த ஒரு வாரத்தில் மிச்சமிருக்கும் புற்றுசெல்கள் பெருகும். எந்தப் புது மெஷினாலும் அந்த நஷ்டத்தை எளிதில் ஈடுகட்ட முடியாது.

2019இல் சென்னையில் புரோட்டான் கதிர்வீச்சு மையம் வந்ததிலிருந்து அதையே கேட்கிறார்கள். குழந்தைகளுக்கும், மண்டையோட்டின் அடிப்பகுதியிலும் தண்டுவடத்தை ஒட்டியும் வரும் கட்டிகளுக்கும் அது பெரிய வரம். அவர்கள் தூரம் பார்க்கக் கூடாது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு மதுரை, கோவை, திருநெல்வேலி அரசு மருத்துவமனைகளில் இருக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் மெஷினே போதும். “இங்க முடியாதது அங்க என்ன இருக்கு?” என்று டாக்டரிடமே நேராகக் கேளுங்கள்.

ஊரைவிட முக்கியம், கூட வருபவர். அந்த முகமூடியைச் செய்ய, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை நோயாளியின் முகத்தில் இழுத்துப் பொருத்தி, அது இறுகும்வரை அவர் அசையாமல் படுக்க வேண்டும். வெளியே வரும்போது நெற்றியில் கட்டம் கட்டமாகத் தடம் பதிந்திருக்கும். அந்த நேரத்தில் அதட்டாமல் கையைப் பிடித்துக்கொள்ளும் குணம் எல்லாருக்கும் வாய்க்காது. மூத்த மகன் என்பதற்காக அவரையே அனுப்பாதீர்கள். பொறுமை உள்ள மருமகளோ தம்பியோ வரட்டும்.

தொடங்குமுன் பல் டாக்டரைப் பாருங்கள். லீவை முதல் வாரத்தில் கரைக்காமல் மூன்றாம் வாரத்திலிருந்து போடுங்கள். கடைசி நாள் முடிந்த பிறகும் இரண்டு வாரம் வரை புண் உச்சத்தில் இருக்கும். அந்த நாள்களையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.